குளியலறைக் கயிறு

இங்கிலாந்தில் குளியலறைக்குள் சுவிட்ச் வைப்பதில்லை. ஈரக்கை பட்டால் ஆபத்தாம். கூரையிலிருந்து ஒரு வெள்ளைக் கயிறு தொங்கும். இழுத்தால் விளக்கு எரியும். வந்த புதிதில் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நின்றிருக்கிறேன். இப்போதும் நிற்கிறேன், காரணம் வேறு.

சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வேன் ஏறிப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. அதில் பள்ளிக்கூடம் போய், நர்ஸாகி, விமானம் ஏறிய முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. அத்தை மகனைத்தான் கட்டினேன். அவருக்கும் அவர் தம்பிக்கும் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை. தீபாவளி சீசனில் ஒருநாள் தம்பி இருந்த அறை வெடித்தது. வெளியே லோடு ஏற்றிக்கொண்டிருந்த இவர் தப்பினார். அன்று தொடங்கியது குடி. அத்தை இவரை மல்லாங்கிணறு பக்கத்தில் ஒரு காளி கோயிலுக்குக் கூட்டிப்போய், இனிக் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கி, மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டிவிட்டார். இவரையும் கூட்டிக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்பினால் குடியும் விட்டுவிடும் என்று நான் நம்பினேன். இங்கே பால் விற்கும் கடையிலேயே பாட்டிலும் விற்கிறார்கள்.

இங்குள்ள டாக்டரம்மா இவர் கையில் அந்தக் கயிற்றைப் பார்த்து, "அழகான பிரேஸ்லெட்" என்றார். நான் விளக்கத் தொடங்கியதும் சிரித்துத் தலையாட்டிவிட்டு மாத்திரை எழுதினார். இனியும் குடித்தால் கல்லீரல் தாங்காது என்றார். வேலையில் எத்தனையோ குடும்பங்களிடம் நானே சொன்ன வாக்கியம்தான்.

குடிக்கிற நாளில் இவர் அதைக் கழற்றிக் குளியலறை விளக்குக் கயிற்றில் முடிந்துவிடுவார். அன்று மாத்திரையும் கிடையாது.

"சாமியக் கையில கட்டிக்கிட்டு எப்படிக் குடிக்கச் சொல்லுத?"

"குடிக்காம இருங்களேன்."

"பெரிய நர்சு, சொல்லிட்டா. என் தம்பி கத்துனது ஒனக்குக் கேட்டுச்சா?"



நேற்று அத்தை வீடியோவில் வந்தார். "அவன் கையக் காட்டச் சொல்லு தாயி. கயிறு கெடந்தா எம்புள்ள பொளச்சுக்கிடுவான்."

"மாத்திரை சாப்பிட்டாத்தான் அத்தை பொளைக்க முடியும்."

"அதையும் குடு. மொதல்ல கையக் காட்டு."

பக்கத்தில் படுத்திருந்த இவர் போர்வைக்குள் கையை இழுத்துக்கொண்டார். தூங்குகிறார் என்று சொல்லி போனை வைத்தேன்.

எங்கள் குளியலறைக்குச் சன்னல் இல்லை. வேலை முடிந்து வந்ததும் அந்த இருட்டுக்குள் கையைத் தூக்குகிறேன். படிக்கப் போன நாளிலேயே சாமி கும்பிடுவதை விட்டவள் நான். விரலில் அந்த முடிச்சு தட்டுப்படக்கூடாதே என்று நிற்கையில், வாய் மட்டும் தானாக, காளியாத்தா, காளியாத்தா என்கிறது.