கேட்காமல் வைத்த பொட்டு

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆடி மாசம் நடந்தது இது. திருநின்றவூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நான் ஜெராக்ஸ், பிளக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் ஒரு மணி நேரத்தில் டிசைன் ரெடி. அக்கா கை வைத்தால் சப்பை மூஞ்சியும் ஹீரோ ஆகிவிடும் என்று ஏரியாவில் பேச்சு. அந்தக் கொழுப்பு எனக்கும் கொஞ்சம் உண்டு.

அந்த வருஷம் ஜனவரியில் எங்கள் தெரு மாடி வீட்டுக்கு ஒரு வெளிநாட்டுப் பையன் குடிவந்தான். இருபத்தொரு வயது. அவன் ஊர்க் கிறிஸ்தவ சபையிலிருந்து ஊழியத்துக்கு அனுப்பியிருந்தார்கள். தமிழைப் புத்தகத்தில் படித்துவிட்டு வந்திருந்ததால், ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரிதான் பேசுவான்.

வந்த அன்றைக்கே ஸ்டேஷன் வாசலில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரைப் பார்த்து விசாரித்திருக்கிறான். இறந்துபோனவர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவ்வளவுதான், இந்த ஊரில் பேனரில் படம் வந்தால் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று பையன் முடிவு கட்டிவிட்டான். அப்புறம் கல்யாண பேனர், பிறந்தநாள் பேனர் எதைப் பார்த்தாலும் நின்று, தலை குனிந்து, கண்ணை மூடி ஜெபம்.

ஒரு வாரம் கழித்து என் கடைக்கு வந்தான். முகமெல்லாம் கவலை.

“அக்கா, ஒரே வாரத்தில் இத்தனை பேர் இறந்திருக்கிறார்களே, இங்கே என்ன நோய் பரவுகிறது?” என்றான். எதிரே இருந்த பிறந்தநாள் பேனரைக் காட்டி, “அந்த ஐயாவின் மனைவிக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்” என்றும் சொன்னான்.

அந்த ஐயா ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்காக என் கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார்.

“யோவ், நான் குத்துக்கல்லாட்டம் உசுரோட கீறேன், என் பொண்டாட்டிக்கு ஜெபம் பண்றியா நீ?” என்று எகிறினார் மனுஷன். பையன் தக்காளி மாதிரி சிவந்துவிட்டான். ஆனால் ஓடவில்லை. அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “கடவுளுக்கு நன்றி, கடவுளுக்கு நன்றி” என்று கண் கலங்கிவிட்டான். கோபப்பட்டவரே கடைசியில் அவனை இழுத்துப் போய் டீ வாங்கிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து தெருவுக்கே செல்லப் பிள்ளை. ஆனால் அவன் வந்த காரியம் மட்டும் நடக்கவில்லை. ஞாயிறு தவறாமல் ஜெபத்துக்காக மாடியில் பன்னிரண்டு நாற்காலி போட்டுவைப்பான். ஒருத்தரும் ஏற மாட்டார்கள். இதற்கிடையில் தெருவுக்குத் தண்ணீர் ஏற்றும் போர் மோட்டார் புகைந்துபோய், மூன்று மாசம் லாரித் தண்ணீர்தான். முட்டி வலிக்காரர்களுக்கெல்லாம் இவன்தான் மாடிக்குக் குடம் தூக்கினான். தோளில் வைக்கத் தெரியாது. எங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, இடுப்பில் வைத்து ஒயிலாக நடப்பான். தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும், அவன் கண்டுகொள்ளவே மாட்டான்.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்க்க ஏற்பாடானது. விழாவை முன்னின்று நடத்துகிற ஆட்டோக்காரத் தம்பி, பேனரில் போடவேண்டியவர்கள் படங்களோடு வந்தான்.

“அக்கா, நம்ம வெள்ளக்காரத் தம்பிய உட்டுட்டா நல்லா இருக்காது. ஓரமா போட்டுவுடுங்க.”

ஓரமாவது! நான் பட்டு வேட்டி உடம்பு ஒன்றில் அவன் தலையைப் பொருத்தி, கைகூப்ப வைத்து, கீழ் வரிசையில் நடுநாயகமாகப் போட்டேன். எல்லார் நெற்றியிலும் குங்குமம் இருக்க இவனுக்கு மட்டும் வெறும் நெற்றியாக இருந்தால் டிசைன் எடுபடாதே என்று, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பொட்டும் வைத்தேன். என் வேலையைப் பார்த்து நானே சொக்கிப்போனேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேனர் ஏறியது. சனிக்கிழமை காலையில் பையன் ஓடிவந்தான். தேங்க்ஸ் சொல்ல வருகிறான் என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவன் உட்காரவில்லை.

மறுநாள் அவனுடைய சபைப் பெரியவர் ஊரிலிருந்து வருகிறாராம். ஏழு மாசத்தில் ஒருவர்கூட ஜெபத்துக்கு வரவில்லை என்று ஏற்கெனவே வருத்தத்தில் இருக்கிறாராம். இதையும் பார்த்தால் அவனைத் திருப்பி அழைத்துப் போய்விடுவாராம்.

“நான் வைக்காத பொட்டை எனக்கு நீங்கள் எப்படி அக்கா வைக்கலாம்? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

சுருக்கென்றது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? “பாசத்துல பண்ணதுப்பா, இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கிவெச்சிக்கினு!” என்று சிடுசிடுத்தேன். அவன் விறுவிறுவென்று போய்விட்டான். போன பிறகுதான் உறைத்தது. என் படத்தை என்னைக் கேட்காமல் யாராவது இப்படி மாற்றி நடுரோட்டில் வைத்திருந்தால், அவர்கள் கடையை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

பேனரை இறக்கச் சொன்னால் ஆட்டோக்காரத் தம்பி கையெடுத்துக் கும்பிட்டான். கூழ் ஊற்றுவதற்கு முன்னால் அம்மன் பேனரை இறக்கினால் ஆகாதாம். என் மூளை சும்மா இருக்கவில்லை. என் கணவருடைய ஃபேக்டரி அடையாள அட்டைப் படத்தை ஸ்டிக்கராக அடித்து, ஞாயிறு விடிந்ததும் பையன் முகத்தின் மேல் ஒட்டிவிட்டேன். முறைத்த மூஞ்சி, முரட்டு மீசை, அதற்குக் கீழே வெள்ளைக் கழுத்து. என் கணவர் பார்த்துவிட்டு, “இன்னாமே இது, கழுத்துல பவுடர் டப்பாவ கொட்னா மாரி கீது?” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பத்து மணிக்குப் பெரியவரோடு பையன் வந்தான். நெடுநெடுவென்று வளர்ந்த, நரைத்த மனிதர். பேனர் முன்னால் நின்றுவிட்டார். பையன் ஒவ்வொருவரையும் காட்டி யார் எவர் என்று சொல்லிக்கொண்டே வந்து, என் கணவர் முகத்துக்கு வந்ததும் நின்றான். நான் கடைக்குள்ளிருந்து ‘போ, போ’ என்று கையை ஆட்டினேன். அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிளப்பி, சர்ரென்று உரித்துவிட்டான். உள்ளே குங்குமப் பொட்டோடு அவன் முகம்.

எனக்கு உயிரே போய்விட்டது. பாய்ந்து ஓடினேன். “சார், மை மிஸ்டேக் சார்! ஒன்லி மீ! ஹி நோ!” என்று தெரிந்த இங்கிலீஷையெல்லாம் கொட்டினேன். இவனை ஏன் இதில் போட்டீர்கள் என்று அவர் கேட்டார். அதற்குள் ஆட்டோக்காரத் தம்பியும் வந்துவிட்டான்.

“மூணு மாசமா எங்க ஊட்டாண்ட குடம் குடமா தூக்கினு வந்தவன் சார் இவன். இவன போடாம வேற யாரப் போடறது?”

இதைப் பையன் மொழிபெயர்க்கவேண்டும். தன்னைப் பற்றித் தானே சொல்ல வாய் வராமல் நின்றான். எனக்கும் இங்கிலீஷ் தீர்ந்துபோயிருந்தது. வேறு வழியில்லாமல், இல்லாத குடத்தை இடுப்பில் வைத்து, அவன் நடக்கிற மாதிரியே ஒயிலாக அவர் முன்னால் நடந்து காட்டினேன். பெரியவர் முதலில் முழித்தார். அப்புறம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து, பையன் தோளைப் பிடித்துக்கொண்டு என்னமோ கேட்டார்.

“இதை ஏன் கடிதத்தில் எழுதவில்லை என்று கேட்கிறார் அக்கா. இதெல்லாம் எழுதவேண்டிய வேலை என்று எனக்குத் தெரியாது என்றேன்” என்றான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பெரியவர் அவனை அழைத்துப் போகவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் எங்கள் தெருவில் இருந்துவிட்டுத்தான் வேறு ஊருக்குப் போனான். பெரியவர் வந்த அன்றைக்கே அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, எந்தப் படம் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, வெறும் நெற்றியோடு புது ஸ்டிக்கர் அடித்து ஒட்டினேன். இன்றும் யார் படத்தையாவது கம்ப்யூட்டரில் திறந்தால், பாசம் என்ற பெயரில் அந்தப் பிள்ளையின் முகத்தை நானே எடுத்து, நானே மாற்றி, கடைசியில் நானே மறைக்கப் பார்த்ததும், அவன் அதை ஊரறிய உரித்துக்காட்டியதும் ஞாபகம் வந்து, மவுஸைத் தொடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிடுகிறேன்.