ஏழு கோல் வாய்க்கால்

மலைகளுக்கு நடுவே இருக்கும் புஷ்திபோக் கிராமத்தில் ஆண்களைப் பார்க்க வேண்டுமானால் அக்டோபருக்கு மேல் வர வேண்டும். மார்ச் பிறந்தால் மறுபடி ருஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள். பனி உருகி, வாய்க்கால் தூர்வார வேண்டிய நேரத்தில் ஊரில் மிஞ்சுவது பெண்களும் கிழவர்களும், மாவு மில் வைத்திருக்கும் ஜூராபோயும்தான். இந்த லட்சணத்தில்தான் ஏழு வருஷம் முன்னால் தண்ணீர் பங்கிடும் பொறுப்பு குலந்தோம் கைக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் சமையல் செய்துகொண்டிருந்த விதவை அவள். வேறு ஆள் இல்லை என்று கொடுத்தார்களே தவிர, திறமையைப் பார்த்து யாரும் கொடுக்கவில்லை.

அதுவரை ஏழைகள் தூர்வாருவார்கள், தண்ணீர் வசதியானவர் தோட்டத்துக்கு முதலில் போகும். குலந்தோம் ஒரு முசுக்கட்டைக் கழியை வெட்டி அளவுகோலாக்கினாள். தூர்வார வீட்டுக்கு ஏழு கோல் நீளம், வீட்டுக்கு ஓர் ஆள். ஆள் வராத வீட்டுக்கு அந்தக் கோடையில் தண்ணீர் கிடையாது. முதல் வருஷம் ஜூராபோய் சிரித்துவிட்டுச் சும்மா இருந்தார். ஜூலையில் அவருடைய உருளைக்கிழங்கு முழுக்கக் கருகியது. மறு வருஷம் அவரே மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஊரின் கடைக்கோடியில் இருந்தவர்களின் ஆப்ரிகாட் மரங்கள் அந்த வருஷம்தான் முதல்முதலாக ஒழுங்காகக் காய்த்தன.

ஜூராபோய் வாய் மட்டும் அடங்கவில்லை. "கோலைத் தூக்கிக்கிட்டு நடக்கிறது வேலையில சேராது, தங்கச்சி. உன் வீட்டு ஆள் எங்க?" என்று கூட்டத்தில் கேட்டார்.

"வரும்," என்றாள் குலந்தோம். மகன் சோர்போன் ஊரில் இருந்தவரை அவன் வெட்டினான். கல்யாணம் முடித்து அவனும் ருஷ்யா போன பிறகு, மருமகள் மெஹ்ரங்கேஸ் வெட்டினாள்.

போன வருஷம் ஏப்ரலில் மெஹ்ரங்கேஸுக்கு ஆறு மாதம். காலையில் உப்புப் போட்ட பால் தேநீர் குடித்துவிட்டு, மண்வெட்டியோடு வாசலில் நின்றாள். தேவைக்கு மேல் கொஞ்சம் அதிக நேரமே நின்றாள். மாமியாரிடம் முடியாது என்று சொல்கிற பழக்கம் அந்த ஊர் மருமகள்களுக்கு இல்லை.

"நான் கிளம்பட்டுமாம்மா?"

"சால்வைய இறுக்கிக் கட்டிக்க. காத்து அடிக்குது," என்றாள் குலந்தோம்.

வாய்க்காலில் ஜூராபோய் அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தார், பிறகு குலந்தோமைப் பார்த்தார். "அந்தப் புள்ளைய வீட்டுக்கு அனுப்பு. கோலை இன்னிக்கு ஒரு நாள் நான் பிடிக்கிறேன். நீ மண்வெட்டிய எடு."

நல்ல மனதோடு சொன்னாரோ, சமயம் பார்த்துச் சொன்னாரோ, இன்றைக்கும் தெரியாது. குலந்தோமுக்கு அது கோழிக்கூண்டுக்கு நரி காவல் கேட்கிற மாதிரிதான் பட்டது. ஒரு நாள் போன கோல் திரும்பி வராது என்று நினைத்தாள். அதனால் நாலு பேர் காதில் விழும்படியாகவே சொன்னாள்: "வேணாம் அண்ணே. ஊருக்கு ஒரு நியாயம், என் வீட்டுக்கு ஒரு நியாயம் கிடையாது."

பெண்கள் தலையாட்டினார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. அதை மறைப்பானேன்?

மதியத்துக்கு மேல், ஐந்தாவது கோலில், ஒரு கல்லைப் புரட்டிய மெஹ்ரங்கேஸ் அப்படியே பனித்தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். கழுதை மேல் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கணவாய்க்கு அந்தப் பக்கமிருந்து மருத்துவ வண்டி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆண் குழந்தை. அது அழவே இல்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்கள்: "தன் வீட்டையும் விட்டுவைக்கலையே, இவளல்லவா தலைவி." ஒவ்வொரு தடவையும் குலந்தோம் எழுந்து தேநீர் ஊற்றப் போனாள். மெஹ்ரங்கேஸ் பத்தாம் நாள் எழுந்து ரொட்டி சுட்டாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஒரு குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் குலந்தோம் ஒரு இரவாவது தூங்கியிருப்பாள்.

இந்த வருஷம் பக்கத்து வீட்டு பீபிசோரோவின் மருமகளுக்கு வயிறு தெரிந்தது. பள்ளிக்கூட முற்றத்தில் கூட்டம் கூடியதும் குலந்தோம் எழுந்தாள். "பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டுக்கு இனிமே வேலை வேணாம். தண்ணி மட்டும் உண்டு. கை தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை.

"சட்டம்னா சட்டம்தான். நீயே சொன்னது," என்றார் ஒரு கிழவர்.

பீபிசோரோவுக்குத்தான் ரோஷம் அதிகமாக வந்தது. "நீ உன் மருமகளையே அனுப்பினே. நான் மட்டும் சலுகை வாங்கிக்கிட்டு உட்கார்ந்தா ஊர் காறித் துப்பாதா? என் மருமக வருவா, அக்கா."

தான் வெட்டிய கழி இப்படித் தன் மேலேயே திரும்பும் என்று குலந்தோம் நினைத்திருக்கவில்லை. அப்போது பின்வரிசையில் மெஹ்ரங்கேஸ் எழுந்தாள். கூட்டத்தில் மருமகள்கள் பேசுவதில்லை, எனவே எல்லோரும் திரும்பினார்கள்.

"சட்டத்தை மாத்த வேணாம்," என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "என் பிள்ளை சட்டத்தால போகலை. அன்னிக்கு வாசல்ல நின்னு, கிளம்பட்டுமான்னு கேட்டேன். இருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். கூட்டம் சட்டத்தை அப்படியே விட்டுவிட்டுக் கலைந்தது.

மறுநாள் வாய்க்காலில் பீபிசோரோவின் மருமகள் மண்வெட்டியோடு வந்து நின்றாள். பல் கிட்டிக்கிற குளிர். குலந்தோம் அவளுக்கான ஏழு கோலை அளந்தாள். அளந்து முடித்ததும் நேராக ஜூராபோயிடம் போனாள்.

"பிடிங்க அண்ணே."

அவர் சிரிக்கவில்லை. வாங்கிக்கொண்டார். குலந்தோம் அந்தப் பெண்ணின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி, "நீ வீட்டுக்குப் போ," என்று சொல்லிவிட்டு வாய்க்காலில் இறங்கினாள். தண்ணீர் முழங்காலைக் கடித்தது. அடுத்த ஏழு கோலில் மெஹ்ரங்கேஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கோல் கை மாற ஒரு நொடிகூட ஆகவில்லை. போன வருஷமும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.