மஞ்சள் பையில் கிடந்த போன்

சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் நான்கு தறிகளைப் பார்த்துக்கொள்கிறேன். இழை அறுந்தால் உடனே தறியை நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். அன்று ரீல்ஸ் பார்த்தபடி கோட்டைவிட்டேன். ஒரு முழம் துணி வீணானது. தப்பு என்னுடையதுதான்.

"மனச அடக்கத் தெரியாதாட்டி?" என்று கத்திய முதலாளி, என் போனைப் பிடுங்கி மஞ்சள் பையில் போட்டு ஆணியில் மாட்டினார்.

மறுநாள் போன் பையிலேயே கிடந்தது. ஆனாலும் இழை அறுந்ததை நான் பார்க்கவில்லை. முதலாளி மறுபடியும் கத்தினார்.

"இப்ப எந்தப் போனப் பாத்தேன்? சொல்லுங்க அண்ணாச்சி!" என்று நானும் கத்திவிட்டேன். பராக்குப் பார்க்கிறேன் என்று பள்ளிக்கூடத்தில் என்னை அடித்த காலத்தில் எங்கள் தெருவிலேயே செல்போன் கிடையாது. ஓரிடத்தில் நிற்காத மனதுக்கு இந்தப் போன் தோதாக வந்து வாய்த்தது, அவ்வளவுதான். அந்த மனதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அடக்கச் சொல்ல மட்டும் எல்லாருக்கும் வாய் இருக்கிறது.

எனக்கும் இருந்தது. முந்தின வாரம்தான், பத்தாவது படிக்கும் என் மகளின் போனைப் பிடுங்கிக்கொண்டு, அதே வார்த்தையைச் சொல்லி அறைந்திருந்தேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் அவளிடம் கேட்டேன். "போன் இல்லாதப்பவும் மனசு நிக்க மாட்டேங்குதாட்டி?"

"ஒண்ணாப்புல இருந்தே அப்படித்தாம்மா" என்றாள்.

பத்து வருஷம். ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை.