வாடகை வீட்டுக்கு எந்த ஸ்பிரேயர்?

“அக்கா, பெயின்ட் ஸ்பிரேயர் வாங்கியிருக்கீங்களாமே... எது நல்லதுக்கா?”

ஒரே வாரத்தில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மலாக்கா கிளேபாங்கில் கோக்கனட் ஷேக் வாங்க வரிசையில் நின்றபோதுகூட ஒருத்தி விடவில்லை. செய்தியைப் பரப்பியது யார் என்று எனக்குத் தெரியும். என் கணவர்தான். வீட்டுக்குப் புது மருமகன் வந்ததுபோல அந்த மெஷினைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசி வைத்திருக்கிறார். ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார். மீதியை இந்த வாரப் பத்தியில் நான் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு இரண்டு வீடு. நாங்கள் குடியிருப்பது கிளேபாங்கில். இன்னொன்று ஜாசினில் இருக்கிறது — சின்ன வரிசை வீடு, வாடகைக்கு விடுவது. பழைய ஆட்கள் காலி செய்துவிட்டுப் போனார்கள். சமையலறைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு. சாமி மேடைக்கு மேலே சாம்பிராணிப் புகை. ஹாலில் ஏதோ ஒரு பிள்ளை வரைந்த டைனோசர். கிளேபாங் வீட்டுக்கும் பெயின்ட் அடித்து வருடக்கணக்காகிவிட்டது.

“ஆள் வச்சு அடிச்சிரலாமே” என்றேன்.

“ஆள் எதுக்கு? ஒரு மெஷின் வாங்குனா ரெண்டு வீட்டுக்கும் ஆச்சுலா!”

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர். கையில் போன். வீட்டில் வைஃபை. கேட்க வேண்டுமா? மூன்று வாரம் யூடியூப்பே கதி என்று கிடந்தார். சோற்றில் கை வைத்தால் போதும், பாடம் ஆரம்பித்துவிடும்.

ஏர்லெஸ் என்று ஒரு ஜாதியாம். கெட்டிப் பெயின்ட்டை வாளியிலிருந்து அப்படியே உறிஞ்சி, பெரிய அழுத்தத்தில் சுவரில் பீச்சுமாம். கண் மூடித் திறப்பதற்குள் ஓர் அறை முடிந்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் ஜன்னல், கதவு, ஸ்விட்ச், தரை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் போட்டு மூடி டேப் ஒட்ட வேண்டும். அதற்கு ஒரு நாள். அடித்து முடித்து மெஷினைக் கழுவ அரை நாள். இன்னொரு ஜாதி, துப்பாக்கி மாதிரி கையில் பிடிக்கிற சின்ன மெஷின். காற்றை ஊதித் தெளிக்கும். கேட், கிரில், அலமாரிக் கதவுக்கெல்லாம் அருமையாக இருக்குமாம். சுவருக்கு? அடிக்கலாம்... ஆனால் பெயின்ட்டில் தண்ணீர் கலந்தால்தான் அதன் வாயிலிருந்து வெளியே வரும்.

சரி, எதை வாங்குவது? அதைப் பெயின்ட் கடைத் தவுக்கே — கடை முதலாளியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம் — ஒரே கேள்வியில் முடித்துவைத்தார். எங்கள் ஆட்களோடு பழகிப் பழகி நன்றாகவே தமிழ் பேசுகிற சீனர்.

“சொந்த வீடா, சேவா வீடா?” சேவா என்றால் மலாயில் வாடகை.

“ரெண்டும் இருக்கு தவுக்கே” என்றோம்.

உடனே மேசையில் இரண்டு குவியல். சொந்த வீட்டுக்கு — சுவரைக் கழுவ ஒரு மருந்து, அடியில் பூச சீலர், அதற்கு மேல் துடைத்தால் போகாத நல்ல பெயின்ட். வாடகை வீட்டுக்கு — பெயர் கேள்விப்படாத ஒரு பெரிய வெள்ளை வாளி. அவ்வளவுதான்.

“இது தொட்டா கையில வரும்” என்றார், நேர்மையான மனிதர். “ஆனா சேவா வீடுலா... யாரு தொட்டுப் பாக்கப் போறா?”

என் கணவர் சிரித்தார். நானும் சிரித்தேன். இதை மறைத்து எனக்கென்ன லாபம்?

மெஷின் கதையும் அப்படியே முடிந்தது. “நம்ம வீட்டுக்கு எதுக்கு ரிஸ்க்கு? அதுக்கு ரோலர் போடுற ஆளையே கூப்புட்டுக்கலாம்” என்றார் என் கணவர். வாடகை வீட்டுக்கு மட்டும் அந்தச் சின்ன மெஷின். மூன்று வாரம் படித்த படிப்பைச் சொந்தச் சுவரில் பரீட்சித்துப் பார்க்க அவருக்கே தைரியம் இல்லை பாருங்கள்! நம் வீட்டுச் சுவர் என்றால் நிபுணர் வேண்டும். அடுத்தவர் குடியிருக்கிற சுவர் என்றால் யார் வேண்டுமானாலும் நிபுணர்.

அந்த வாரம்தான் வீடு பார்க்கத் தனலெட்சுமி வந்தாள். ஜாசின் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக் குடியிருப்பில் இருந்தவள். புருஷன் லாரி ஓட்டுகிறார். ஒரே மகள் பிரியா, பாலர் பள்ளியில் டீச்சர். தனலெட்சுமி வாடகை எவ்வளவு என்றுகூட முதலில் கேட்கவில்லை.

“பெயின்ட் அடிச்சுத் தந்துருவீங்களாக்கா? வர்ற ஞாயித்துக்கெழம பிரியாவப் பாக்க மாப்பிள்ள வீட்டுக்காரங்க வர்றாங்க.”

“ஞாயித்துக்கெழமையா? இன்னும் நாலு நாள்தானே இருக்கு!”

“ஆமாக்கா. போன தடவ ஒரு எடம் வந்தாங்க. தோட்டத்து வீட்டுலதான் வச்சுப் பாத்தோம். கூரைய ஒரு தடவ பாத்தாங்க, செவர ஒரு தடவ பாத்தாங்க. டீ குடிச்சிட்டுப் போனவங்கதான்... போனே வரல. பிரியா ஒரு வாரம் சரியாச் சாப்புடல. இந்த எடமாச்சும் கைகூடணும்க்கா.”

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. “கவலப்படாத தனம். வெள்ளிக்கெழம வீடு பளிச்சுன்னு இருக்கும், பாரு” என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வாக்குக் கொடுப்பதில் என்னை அடிக்க ஆள் கிடையாது.

வியாழக்கிழமை காலையில் என் கணவர் களத்தில் இறங்கினார். மழைக்கோட்டு, மோட்டார் ஹெல்மெட், கையுறை, கையில் மெஷின். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்மணி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, காயப்போட்ட துணியை அவசர அவசரமாக எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். புத்திசாலி.

“சுவத்தக் கழுவிட்டு, சீலர் அடிச்சிட்டுத்தான் பெயின்ட் அடிக்கணும்னு வீடியோல சொன்னான்” என்றார் என் கணவர், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

“நேரம் ஏது? வாடகை வீடுதானே...” என்று சொன்னது யார்? நான்தான்.

மெஷின் வாய் அடைத்துக்கொண்டது. தண்ணீர் ஊற்றினார். மறுபடியும் அடைத்தது. மறுபடியும் ஊற்றினார். “இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, ஒரு வாளியிலயே முடிச்சிரலாம்” என்றேன். அதுவும் நான்தான். தன்மேல் தெறிக்கக் கூடாது என்று அவர் சுவரைவிட்டு மூன்றடி தள்ளி நின்று அடித்தார். பெயின்ட் பாதி வழியிலேயே காய்ந்து மாவாகப் போய் ஒட்டியது. மதியத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. சுவர் ஈரமாக இருந்தபோது என்ன அழகு! போட்டோ எடுத்து எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டார். ஐம்பது கட்டை விரல் வந்தது.

மறுநாள் காலை சுவரில் கை வைத்தேன். உள்ளங்கை முழுக்க வெள்ளை.

“என்னங்க, கையில அப்படியே வருதே!”

“தொடாம இருந்தா வராது” என்றார்.

சாயங்காலம் தனலெட்சுமி சாவி வாங்க வந்தாள். ஹாலின் நடுவே நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். “கோயில் மாதிரி இருக்குக்கா!” என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சொல்ல வாய் எடுத்தேன்... அந்தச் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மூடிவிட்டேன். “ஞாயித்துக்கெழம நீங்க ரெண்டு பேரும் கண்டிப்பா வரணும். எங்களுக்கு இங்க பெரியவங்கன்னு வேற யாரு இருக்கா?” என்றாள்.

போனோம். செர்காமிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஏழு பேர் வந்திருந்தார்கள். சோபா இன்னும் வந்து சேரவில்லை. சுவர் ஓரமாகப் பாய் விரித்திருந்தாள். நம் ஆட்களைப் பற்றித்தான் தெரியுமே! பாயில் உட்கார்ந்தால் முதுகு தானாகச் சுவரைத் தேடும். மாப்பிள்ளையின் அப்பா சாய்ந்தார். சித்தப்பா சாய்ந்தார். கருநீலப் பட்டுச் சேலையில் வந்த மாப்பிள்ளையின் அம்மா, அப்பாடா என்று நன்றாகவே சாய்ந்தார். நான் எழுந்து போய்ப் பாயின் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். நிமிர்ந்து.

பிரியா டீ கொண்டுவந்தாள். கேசரி வந்தது. பையன் பார்த்தான், பெண்ணும் பார்த்தாள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. தங்களுக்குள் தனியாக இரண்டு வார்த்தை பேசிக்கொள்ள ஏழு பேரும் எழுந்து வாசல் பக்கம் திரும்பினார்கள்.

கறுப்புச் சட்டை முதுகு முழுக்க வெள்ளை. பட்டுச் சேலை முழுக்க வெள்ளை. வரிசையாக ஏழு முதுகும் அப்படியே!

தனலெட்சுமியின் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்து அந்த அம்மாவின் முதுகைத் தட்டினாள். தட்டத் தட்டப் பட்டில் இன்னும் பரவியது. பிரியா சமையலறை வாசலில் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். என் கணவர் காரைப் பூட்டினேனா என்று பார்க்க அவசரமாக வெளியே போய்விட்டார்.

அந்த அம்மா சுவரில் ஒரு விரலால் கோடு போட்டுப் பார்த்தார். “என்னம்மா இது... எந்தப் புண்ணியவான் பெயின்ட் அடிச்சது?”

என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். ஒரு விரலை நீட்டினால் போதும்.

“வீட்டு ஓனருங்க ரொம்ப நல்லவங்கம்மா” என்றாள் தனலெட்சுமி. “நீங்க வர்றீங்கன்னு சொன்னதும் அவசர அவசரமா அடிச்சுக் கொடுத்தாங்க. காய நேரமில்ல. நான்தான் சாயாதீங்கன்னு சொல்ல மறந்துட்டேன். தப்பா எடுத்துக்காதீங்கம்மா.”

அந்த அம்மா தன் விரலில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “நாங்களும் ரொம்ப வருசம் சேவா வீட்டுல குப்ப கொட்டுனவங்கதாம்மா. இந்தச் செவரு எங்களுக்குப் புதுசா? சேலைய தொவச்சுக்கலாம். நீ போயி, எங்க பையனப் புடிச்சிருக்கான்னு ஒன் மகள்ட்ட கேளு.”

தனலெட்சுமி துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிரியா சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினாள். ஒருவர் முதுகை ஒருவர் தட்டிவிட, ஹால் முழுக்க வெள்ளைத் தூசியும் சிரிப்புமாக இருந்தது. அந்த அம்மா எல்லார் முதுகையும் தட்டிக்கொண்டே வந்து, என் தோளையும் பிடித்துத் திருப்பினார்.

“அட! ஒங்க முதுகு மட்டும் எப்படிம்மா இவ்ளோ சுத்தமா இருக்கு?”

கையிலிருந்த காலி டீ கிளாஸை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். பத்தியில் பக்கம் பக்கமாக அளந்து தள்ளுகிற வாய்! தனலெட்சுமி திரும்பி என் முதுகைப் பார்த்தாள். அப்புறம் சுவரைப் பார்த்தாள். அப்புறம் என்னை. அவளுக்குப் புரிந்துவிட்டது. வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

“அக்காவுக்கு டீ இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?” என்றாள்.

மறுநாளே ரோலர் ஆளை அனுப்பினேன். சுவரைக் கழுவி, சீலர் அடித்து, எங்கள் வீட்டுக்கு வாங்கிய அதே பெயின்ட்டில் இரண்டு கோட். தனலெட்சுமி போன் போட்டு, “ரொம்ப நன்றிக்கா” என்றாள்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.