சித்தியின் துரைமார் கதைகள்

சின்ன வயதில் என்னை எல்லாரும் கெட்டிக்காரி என்பார்கள். வயதுக்கு மீறிய பேச்சு, ஒரு தரம் சொன்னால் பிடித்துக்கொள்கிறாள் என்று லயத்தில் அடுத்தடுத்த வீட்டுப் பெண்கள் சொல்ல, கண்பட்டுவிடும் என்று அம்மா பேச்சை மாற்றுவாள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நான் முழுதாகக் காட்டியது ஒரே ஒரு தடவைதான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அன்றைக்கு மட்டும் நான் கொஞ்சம் மந்தமான பிள்ளையாக இருந்திருந்தால் என் சித்தியின் வாழ்க்கை வேறு மாதிரிப் போயிருக்கும்.

சித்தி, அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். யட்டவத்தைக்கு மேலே எங்கள் தோட்டம். பாதி தேயிலை, பாதி மிளகும் கராம்பும். சித்தி கொழுந்துக்கூடையைத் தொடாமல் சீகிரியாவில் ஒரு ஹோட்டலுக்கு அறைகளைச் சுத்தம் செய்யப் போனாள். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை வருவாள், ஞாயிறு மத்தியானம் பஸ் ஏறிவிடுவாள். அந்த ஹோட்டலில் வெள்ளைக்காரர்கள் மறந்துவிட்டுப் போகும் சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு வைப்பார்களாம். ஒரு மாதம் வரை யாரும் கேட்டு வராவிட்டால் வேலை செய்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். மற்றப் பெண்கள் தொப்பி, செருப்பு, ஷாம்பு என்று எடுக்க, சித்தி புத்தகம் எடுத்தாள்.

அதிலும் ஒரே வகைதான். அட்டையில் நெஞ்சுக்குக் கீழே இறுக்கிக் கால்வரை தொங்கும் கவுன் போட்ட ஒரு பெண் நிற்பாள். பின்னால் ஒரு பெரிய வீடு, ஒரு குதிரை வண்டி. இருநூறு வருசத்துக்கு முந்தைய இங்கிலாந்துக் கதைகள். அவற்றில் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள், யாரும் அகாலத்தில் சாக மாட்டார்கள். யார் யாரைக் கட்டிக்கொள்வது என்ற ஒரே கவலைதான் எல்லாருக்கும். முதல் புத்தகத்தைச் சித்தி அகராதியை வைத்துக்கொண்டு ஆறு மாதம் படித்தாளாம். எனக்கு நினைவு தெரிந்தபோது கடலை கொறிக்கிற மாதிரிப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பீலிக்கரையில் கதை நடக்கும். மலையிலிருந்து குழாய் வழியே தண்ணீர் விழும் அந்த இடத்தில் ஏழெட்டுப் பெண்கள் துணி துவைப்பார்கள். சித்தி கையைத் துடைத்துக்கொண்டு கல்லின் மேல் உட்கார்ந்து ஒரு பக்கத்தை மனதுக்குள் படிப்பாள். படிக்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். எங்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். பிறகு அவள் தமிழில் சொல்வாள், நாங்கள் சிரிப்போம், எங்களோடு சேர்ந்து இரண்டாம் தரம் அவளும் சிரிப்பாள். அவள் சிரிப்புக்கும் எங்கள் சிரிப்புக்கும் நடுவில் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தைப் போல ஒரு சந்தோசத்தை அப்புறம் நான் எந்தப் புத்தகத்திலும் கண்டதில்லை.

பட்டம் பதவி எல்லாவற்றையும் சித்தி எங்கள் தோட்டத்துக் கணக்குக்கு மாற்றிவிடுவாள். பெரிய பிரபு என்றால் பெரிய துரை, அவருக்கு அடுத்தவர் சின்ன துரை, வீட்டு நிர்வாகி கணக்கப்பிள்ளை. ஆகவே அந்தப் பிரபு காலை ஆறு மணிக்கு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நின்று எல்லாரையும் திட்டிவிட்டுத்தான் காதலிக்கப் போவார் என்று நான் நீண்ட நாள் நம்பியிருந்தேன். பெண்களுக்கும் அந்தக் கதைகளில் அந்நியமாக எதுவும் படவில்லை. மூத்தவள் வீட்டில் இருக்கும்போது இளையவளைக் கொடுப்பார்களா, சீதனம் எவ்வளவு, குமரிப்பெண் தனியாகப் போனால் ஊர் பேசாதா என்றெல்லாம் வெள்ளைக்காரிகளுக்காக அவர்கள் கவலைப்பட்டார்கள். அங்கேயும் பெண்ணைத் துணையில்லாமல் வெளியே விடமாட்டார்கள் என்று சித்தி சொன்னபோது, பின்ன என்ன என்பது போல ஒருத்தி சேலையை ஓங்கி அடித்தாள்.

சித்திக்கும் ஒரு துணை உண்டு. அது நான். சனிக்கிழமைகளில் சந்திக்குப் போய் அவளை அழைத்து வருவது என் வேலை. எங்களை ஏற்றி வருவது எப்போதும் ஒரே த்ரீவீல். அதை ஓட்டியவர் எங்கள் தோட்டத்தின் கீழ் டிவிசன்காரர், தகப்பனில்லாதவர், தாய்க்கு ஒரே பிள்ளை. இரண்டு வருசமாக அவர் சித்தியிடம் பேசியது ‘வாங்க’, ‘சரிங்க’ என்ற இரண்டு சொல்தான். ஆனால் பின்சீட்டில் சித்தி எனக்குக் கதை சொல்ல ஆரம்பித்தால் வண்டியின் வேகம் குறையும். லயத்துக்கு முன்னால் உள்ள வளைவில், கதை முடியாமல் இருந்தால், எஞ்சினை அணைத்துவிட்டு எதையோ சரிபார்ப்பதுபோல் இறங்கி நிற்பார். சித்தி அதைப் பார்க்காத மாதிரிச் சொல்லிக்கொண்டே போவாள், சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு. எனக்கு எல்லாம் தெரியும். நான்தான் கெட்டிக்காரியாயிற்றே. மனதுக்குள் அவரைச் சித்தப்பா என்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு தடவை அவர் கதையில் ஒரு கேள்வி கேட்டார். கதாநாயகியை மழையில் ஏற்றிக்கொண்டு வந்தானே அந்த வண்டிக்காரன், அவன் பிறகு என்ன ஆனான் என்று. அவனைப் பற்றிப் புத்தகத்தில் ஒன்றும் இல்லையே, அவனைப் பற்றி யார் எழுதப்போகிறார்கள் என்று சித்தி சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார்.

ஒரு சனிக்கிழமை லயத்து வாசலில் இறக்கிவிட்டபோது அவர் வண்டியைத் திருப்பாமல் நின்றார். சித்தி பக்கத்தில்தான் நின்றாள். ஆனால் அவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

“பாப்பா, வர்ற வெள்ளிக்கிழம எங்க அம்மாவ உங்க வீட்டுக்கு அனுப்பவான்னு சித்திகிட்ட கேட்டுச் சொல்லு.”

சித்தி உள்ளே போய்விட்டாள். அன்று பூராவும் அடுப்படியில் எதை எதையோ தேடினாள்.

மறுநாள் காலை பீலிக்கரையில் நடந்த கதை எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. மூன்று பெண்களில் நடுவில் உள்ளவள்தான் கதாநாயகி. பெரிய துரையின் தொப்பியை அவளுடைய வாத்து தூக்கிக்கொண்டு ஓடியதில் தொடங்கிய பழக்கம். அன்றைக்கு அவர் தோட்டத்தில் மழையில் நின்று அவளைக் கேட்கிறார். அவளோ முடியாது என்று சொல்லிவிடுகிறாள். பெண்களுக்குக் கோபம் வந்துவிட்டது. இப்படி ஒரு மாப்பிள்ளையை வேண்டாம் என்கிறாளே, கொழுப்பா என்றார்கள். சித்தியின் முகம் அன்றைக்குச் சும்மாவே மலர்ந்து கிடந்தது.

“மொத தடவ கேட்டதுமே சரின்னுட்டா கத முடிஞ்சிரும்ல? மிச்சம் இருநூறு பக்கத்துக்கு என்னா செய்றது? எல்லாப் புத்தகத்துலயும் அப்பிடித்தான். வேணாம்பாங்க. அவரு போயி, ரெண்டு மடங்கு ஆசையோட திரும்பி வருவாரு.”

திரும்பி வந்த கதையை அடுத்த முறை சொல்வதாகச் சொல்லி அவள் புத்தகத்தை மூடினாள்.

மத்தியானம் அவருடைய வண்டியில் சந்திக்குப் புறப்பட்டபோது, மாத்தளையில் வேலை இருக்கிறது என்று அப்பாவும் எங்களோடு ஏறிவிட்டார். அப்பா முன்னால் சித்தி எப்படி வாய் திறப்பாள்? சந்தியில் அப்பா இடம் பிடிக்கப் பஸ்ஸில் ஏறிய நேரம் பார்த்து அவள் என்னை இழுத்துக் காதோடு சொன்னாள். “அம்மாவ அனுப்பச் சொல்லு. மறந்திடாத.” மறப்பேனா?

அம்மா சந்தையில் இருந்தாள். அவள் சாமான்களோடு வரும்வரை நானும் அவரும் வண்டியோடு காத்திருந்தோம். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி. சட்டை இஸ்திரி போட்டது. பிறகு ஒரு பிஸ்கட் பக்கெட்டை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, சித்தி ஏதாவது சொன்னாளா என்று கேட்டார்.

நான் மறக்கவில்லை. யோசித்தேன். ஒரு நிமிடம் போலத்தான் யோசித்தேன். சரி என்று சொன்னால் வெள்ளிக்கிழமை தாய் வருவாள், வெற்றிலை வைப்பார்கள், கதை முடிந்துவிடும். என் சித்திக்கு அவ்வளவு சின்னக் கதையா? வாத்து வளர்த்தவளுக்கே இருநூறு பக்கம் கிடைத்திருக்கிறது. இவருக்கும் அந்தச் சட்டம் தெரியும். இரண்டு வருசமாக என்னோடு சேர்ந்து கேட்டவர்தானே. நான் என்ன சொன்னாலும் அதன் அர்த்தம் அவருக்குப் புரியும் என்று நினைத்தேன். பிஸ்கட் பக்கெட்டைப் பிரித்துக்கொண்டே சொன்னேன்.

“வேணாமாம்.”

அவர் துணியை நாலாக மடித்து சீட்டுக்கடியில் வைத்தார். “சரி பாப்பா” என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. ஏன் என்று கேட்பார், நான் மழை, தோட்டம் என்று ஏதாவது சொல்லலாம் என்று காத்திருந்தேன். அம்மா வந்ததும் மூட்டைகளை ஏற்றினார். லயத்தில் எப்போதும் போல அரிசி மூட்டையை வாசல்வரை தூக்கிக் கொடுத்தார். அந்த வளைவில் வண்டி நிற்கவில்லை. நான் பிஸ்கட் அத்தனையையும் தின்று தீர்த்தேன், வீட்டுக்கு ஒன்று வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவருடைய தாய் வெளியே புறப்பட்டாள், எங்கள் வீட்டுக்கல்ல. சொந்த அண்ணன் மகளை மகனுக்கு முடிக்க வேண்டும் என்று அவள் வருசக்கணக்காகச் சொல்லி வந்தாளாம். மகன்தான் பிடி கொடுக்காமல் இருந்தானாம், இப்போது தலையாட்டிவிட்டானாம். அடுத்த புதன்கிழமை பரிசம் போட்டுவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் பரிசம் போட்டால் போட்டதுதான். தட்டு மாற்றியபின் அந்தப் பெண் அந்த வீட்டுக்காரி. கல்யாணம் சாப்பாட்டுக்காகச் செய்வது.

எனக்குக் கொஞ்சமும் பயம் வரவில்லை. புத்தகத்திலும் பெரிய துரை நடுவில் வேறொருத்தியோடு டான்ஸ் ஆடுவார், ஊரே அவளைத்தான் கட்டப்போகிறார் என்று பேசும்.

அந்தச் சனிக்கிழமை சித்தி வேறு வண்டியில் வந்தாள். பரிசம் போட்ட செய்தியை அம்மா ஊர்க்கதையாக, கறிக்குத் தேங்காய் திருவிக்கொண்டே, அவளிடம் சொன்னாள். சித்தி குடத்தை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பீலிக்கரைக்குப் போனாள். குடம் நிரம்பி வழிந்தும் அவள் எடுக்கவில்லை.

“அன்னைக்கு நான் சொன்னத அப்பிடியே சொன்னியா?”

அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் எந்தக் கதையிலும் இல்லை. எனக்கு முதல் முறையாகப் பயம் வந்தது. சொன்னேன் என்றேன்.

“அதுக்கு என்னா சொன்னாரு?”

“சரின்னாரு.”

நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

“வண்டிக்காரன் புத்தி,” என்றாள் சித்தி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மறுநாள் பெண்கள் மிச்சக் கதையைக் கேட்டபோது, அவ்வளவுதான், வந்தார், கட்டிக்கொண்டார்கள் என்று இருநூறு பக்கத்தையும் ஒரே வரியில் முடித்துவிட்டு அவள் துணியைப் பிழியப் போனாள். சிரிப்பு முந்தி வரவில்லை. அதற்குப் பிறகு பீலிக்கரையில் கதை நடந்ததாக எனக்கு நினைவில்லை.

நான்கு வருசம் கழித்து அப்பா பார்த்த மாப்பிள்ளைக்கு அவளைக் கொடுத்தார்கள். தம்புள்ளையில் கடை வைத்திருப்பவர், அவளைவிடப் பதினான்கு வயது மூத்தவர். ஹோட்டல் வேலையை விடச் சொன்னார், விட்டாள். அவள் புத்தகங்கள் ஒரு அட்டைப் பெட்டியில் எனக்கு வந்து சேர்ந்தன. அந்தப் புத்தகங்களால்தான் எனக்கு ஆங்கிலம் வந்தது. இன்றைக்கு மாத்தளையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன். அலுத்து வரும் நாட்களில் அந்த வகைப் புத்தகம் ஒன்றை எடுத்தால் இப்போதும் சிரிக்கிறேன். சிரித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், தமிழில் கேட்கக் காத்திருக்கும் முகம் ஒன்றும் இல்லை. சித்தியிடம் உண்மையைச் சொல்ல எத்தனையோ தடவை தம்புள்ளைக்குப் பஸ் ஏறியிருக்கிறேன். அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். எனக்குத் துணிவில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் சந்தியில் அவரைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது, வண்டி நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். என்னை அடையாளம் கண்டுகொண்டார். சித்தி நல்லா இருக்காங்களா, இப்பவும் புத்தகம் படிக்கிறாங்களா என்று கேட்டார். படிக்கிறாங்க என்று அவரிடம் இரண்டாம் தடவையும் பொய் சொன்னேன். சரி என்று தலையாட்டினார், முன்பு ஆட்டிய மாதிரியேதான்.

வீட்டுக்கு வந்து அந்த வாத்துப் புத்தகத்தை எடுத்து வண்டிக்காரனைத் தேடிப் பார்த்தேன். ஏழெட்டு இடத்தில் வருகிறான். மழையில் நிற்கிறான், டான்ஸ் முடியும்வரை வெளியே காத்திருக்கிறான், போகச் சொன்னதும் போய்விடுகிறான். ஏன் என்று ஒரு இடத்திலும் கேட்கவில்லை. அவரும் நானும் ஒரே கதையைத்தான் கேட்கிறோம் என்று நான் நினைத்திருந்தேன். அவர் அதில் தன்னைத் துரையாக வைத்துக் கேட்கவே இல்லை என்பது எனக்குத் தெரியவில்லை. துரைமார்தான் திரும்பி வருவார்கள். வண்டிக்காரனிடம் ஒரு தரம் வேண்டாம் என்று சொன்னால் போதும்.