செம்மண் பிடித்துவைத்த விஷம்

தோல் பதனிடும் கிடங்கின் கழிவுநீர் பாய்ந்து எங்கள் நெல் இரண்டு போகம் கருகியது. மண்ணைச் சோதிக்க ஒருவர் சைக்கிளில் வந்தார். ஒல்லியான மனிதர். எந்த மண்ணையும் உள்ளங்கையில் பரப்பி, அதன்மேல் காந்தத்தை ஓட்டிப் பார்ப்பது அவர் வழக்கம்.

மறுமாதம் முடிவோடு வந்தார். “மண்ணுல பாஷாணம், அதான் ஆர்சனிக் விஷம், இருக்கும்மா. தோல்ல முடி உதிரப் போடுறது.”

“அம்புட்டும் போச்சா சார்?” என்றேன்.

“போகலம்மா. உங்க செம்மண்ணுல இரும்பு ஜாஸ்தி. அது விஷத்தை இறுக்கிப் புடிச்சிருக்கு. தண்ணி தேங்கினா விட்டுரும். நெல்லுக்குத் தண்ணி தேங்கி நிக்கணும், அதனால அது வேணாம். கழிவுத் தண்ணி வர்ற வாய்க்காலை அடைச்சிட்டு, கெணத்துத் தண்ணியில பூச்செடி வைங்க.”

மல்லிகை வைத்தோம். செழித்தது. ஒருநாள் அந்த வழியாகச் சைக்கிளில் வந்த அவரிடம் ஒரு பந்து பூ நீட்டினேன். வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, செடியடியில் குந்தி மண்ணைத் தட்டிக்கொடுத்தார். விஷம் சுமக்கும் மண்மேல் ஒரு மனிதருக்கு இத்தனை பிரியமா என்று இன்றும் வியக்கிறேன்.