சும்மா கிடைத்த மண்

மழை இருட்டினால் இன்றைக்கும் எனக்குப் பயம். சூளைக்காரனுக்கு மழை ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அது பிழைப்புப் பயம். நான் சொல்வது வேறு பயம்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்த வருஷங்கள். ஆவடியில் பட்டாளத்துக்காகக் கொட்டகை கொட்டகையாக எழும்பிக்கொண்டிருந்தது. சேக்காட்டுப் பக்கம் இரண்டு காசு புரட்ட முடிந்தவனெல்லாம் செங்கல் சூளை போட்டான். நானும் போட்டேன். ஏரியைச் சுற்றிப் பதினாலு சூளை. யார் கல் எது என்று அறுத்தவனாலேயே பிரித்துச் சொல்ல முடியாது, அதனால் விலையும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஓரணா கூட்டிக் கேட்டால், கொட்டகை கட்டுகிற காண்டிராக்டர் வண்டியை அடுத்த சூளைக்குத் திருப்பிவிடுவார்.

அந்த விலையில் விறகு இருந்தது, ஆள் கூலி இருந்தது, வண்டி வாடகை இருந்தது. மண் மட்டும் இல்லை. ஏரி மண்ணுக்கு யார் காசு கேட்பார்கள்? அது சும்மா.

அந்த ஏரிக்கரையின் கீழேதான் என் ஒரே தங்கை வாழ்க்கைப்பட்டிருந்தாள். தண்ணீர்க் கஷ்டம் இல்லாத ஊர் என்று நானே பார்த்துக் கட்டிக்கொடுத்த இடம். மண் சுவர் வீடு, இரண்டு குழந்தைகள். கரை நிற்கிறவரை வீடு நிற்கும்.

கல்லுக்குத் தோதான களிமண் ஏரிக்குள் கரையை ஒட்டித்தான் கிடந்தது. கோடையில் எல்லோரும் அங்கேயே கொத்தினோம். கரையின் காலையே வெட்டுகிறீர்களே என்று பயிர்க்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அம்மன் கோயிலில் கூடிப் பேசி, கரையிலிருந்து இருபது முழம் தள்ளித்தான் மண் எடுப்பது என்று முடிவானது. பதினாலு பேரும் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தோம். என் தங்கை புருஷன்தான் எனக்குக் கற்பூரத் தட்டை நீட்டினான்.

இருபது முழம் தள்ளிப் போனால் வெறும் மணல். அந்த மண்ணில் அறுத்த கல், தூக்கினாலே உதிர்ந்தது. சத்தியத்துக்குப் பயந்து பூந்தமல்லிப் பக்கம் ஒருவர் நிலத்தில் மண்ணை விலைக்கு வாங்கி, வண்டி வைத்துக் கொண்டுவந்தேன். கல்லின் விலை ஏறிவிட்டது. காண்டிராக்டர் சிரித்தார்.

"இன்னா அண்ணாத்தே, உன் கல்லு மட்டும் தங்கத்துல அறுத்ததா?"

"காசு குட்து வாங்கின மண்ணுங்க. ஏரிக்கரைய தொடல."

"கொட்டகையில படுக்கப்போற சிப்பாய் அத்தெல்லாம் கேப்பானா? போய்யா, வேலையப் பாரு."

என் கல் அப்படியே அடுக்கிக் கிடந்தது. மற்றச் சூளைகளில் புகை நிற்கவே இல்லை. இவர்களுக்கு மட்டும் மண் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாள் ஏரிக்குள் இறங்கிப் பார்த்தேன். கரையோரம் வண்டித் தடங்கள் புத்தம் புதிதாக இருந்தன. எனக்கு முன்னால் எத்தனை பேர் சத்தியத்தை விழுங்கினார்களோ தெரியாது. ஊரோடு ஒத்து வாழ் என்று சொல்லிக்கொண்டு நானும் விழுங்கினேன். நல்லதற்குச் சொன்ன பழமொழி, அயோக்கியத்தனத்துக்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்.

கரைமேல் ஒற்றைப் பனை ஒன்று நின்றது. அதற்கு நேர் கீழே, ஏரிப் பக்கமாக, பொழுது விடிவதற்குள் கொத்தி ஏற்றிவிடுவேன். தங்கை குடத்தோடு வந்துவிடுவாளோ என்று ஒவ்வொரு நாளும் கரைமேல் ஒரு கண் வைத்திருப்பேன். நான் விட்டால் அடுத்தவன் இதே இடத்தைத் தோண்டப்போகிறான், கரைக்கு என்ன லாபம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். குழி இரண்டு ஆள் ஆழம் போயிற்று.

கல் அத்தனை மலிவாகக் கிடைத்ததில் காண்டிராக்டருக்குக் கை தாராளமாகிவிட்டது. முள்வேலி போட்டால் போதும் என்ற இடத்திலெல்லாம் சுவர் எழுப்பினார். அந்தச் சுவருக்கெல்லாம் மண் கொடுத்தது எங்கள் கரை.

புரட்டாசியில் பெய்த முதல் மழை குழியை மூடிவிட்டது. மேலே பார்த்தால் முழங்கால் தண்ணீர் மாதிரி சாதுவாக இருந்தது. ஒழிந்தது சனியன், இனி யாருக்கும் தெரியாது என்று நிம்மதியாக மூச்சு விட்டேன்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் அடித்தது. நான்காம் நாள் மதியம் "கரை கசியுது, கரை கசியுது" என்று கூச்சல் கேட்டது. ஓடினேன். பனைக்கு நேராக, கரையின் வெளிப்பக்கச் சரிவில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. தெளிவாகக் கசிந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள்ளேயே கரைகிறது என்று அர்த்தம். அது சேறாக வந்தது. கீழே தங்கை சின்னதை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரியதைக் கையில் பிடித்துக்கொண்டு, எந்தச் சாமானை முதலில் எடுப்பது என்று தெரியாமல் நின்றாள்.

ஓட்டையை உள்பக்கத்திலிருந்து அடைக்க வேண்டும். யாராவது ஏரிக்குள் இறங்கி, காலால் துழாவி, தண்ணீர் உள்ளே இழுக்கிற இடத்தைக் கண்டுபிடித்து வைக்கோல் கட்டைத் திணிக்க வேண்டும். மச்சான் இறங்கினான். அவனுக்கு நீச்சல் அரைகுறை. தலையில் கனத்த வைக்கோல் கட்டு. மழைக்கு ஏறியிருந்தாலும் இடுப்புத் தண்ணீர்தானே என்று பனைக்கு நேராக நடந்தான்.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நான் உடனே கத்தவில்லை. கரைமேல் ஊரே நின்றது. கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கிப் போய்விடமாட்டானா என்று பார்த்தேன். அவன் ஓர் எட்டு வைத்தான். இன்னோர் எட்டு வைத்தான். குழியின் விளிம்பு எனக்குத் தெரியும். அவன் மூன்றாவது எட்டுக்குக் காலைத் தூக்கியதும்தான் கத்தினேன்.

"மச்சான்! நில்லு! அங்க கால வெக்காத, ரெண்டாளு ஆழம் கீது!"

அவன் நின்றான். திரும்பி என்னைப் பார்த்தான். கரைமேல் நின்றவர்களும் பார்த்தார்கள். நான் குதித்து இறங்கி விளிம்பைக் காட்டினேன். மூங்கில், வைக்கோல், மணல் மூட்டை எல்லாம் போட்டும் போதவில்லை. என் சூளையில் வெந்து அடுக்கியிருந்த கல்லை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து குழிக்குள் கொட்டினோம். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வெளிப்பக்கத் தண்ணீர் தெளிந்தது.

தங்கை மேலே ஏறி வந்தாள்.

"அண்ணே, போன வாரம் பசங்க ரெண்டும் அங்கதான் ஓரமா குளிச்சிதுங்க. ஆழம்னு எங்க யாருக்கும் தெரியாது. உனுக்கு எப்டி தெரிஞ்சிது?"

நான் குனிந்து காலிலிருந்த சேற்றை வழிக்கத் தொடங்கினேன். அவள் இறங்கிப் போனாள்.

அடுத்த வாரம் ஊர் கூடியது. இந்தமுறை கற்பூரமெல்லாம் இல்லை. எவன் ஒரு வண்டி மண் எடுத்தாலும் இரண்டு வண்டி மண் வெளியிலிருந்து கொண்டுவந்து கரையில் கொட்ட வேண்டும். கரையில் காவலுக்கு ஆள், அவன் கூலி சூளைக்காரர்கள் தலையில். பதினாலு பேருக்கும் ஒரே சட்டம் என்பதால் பதினாலு பேர் கல்லும் ஒன்றாக விலை ஏறியது. காண்டிராக்டர் வசைபாடுவார் என்று நடுங்கிக்கொண்டு போனேன். அவர் முணுமுணுத்துவிட்டுக் கொடுத்தார். சுவர் கட்டுவதை நிறுத்திவிட்டு முள்வேலிக்குப் போனார். இரண்டு சூளைகள் மூடின. இவ்வளவுதான். இவ்வளவுக்குப் பயந்துதான் நான் அந்தக் குழியைத் தோண்டியிருந்தேன்.

அதற்குப் பிறகு கரைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஐப்பசியில் வானம் கறுத்தால் தங்கை குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிடுவாள். மேட்டில் முதல் வீடு என்னுடையது. நான் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பேன். அவள் முந்தானையால் சின்னதின் தலையை மூடியபடி என் வாசலில் நிற்காமல் கடந்து, அம்மன் கோயில் மண்டபத்துக்குப் போய் மழை விடும்வரை உட்கார்ந்திருப்பாள்.